அப்பாவின் சட்டைகளில் ஒரு குழந்தை கில்ட்: துணி சொன்னதும் நாங்கள் செய்ததும்

பின்னணி

கில்ட் என்பது துண்டுத் துணிகளை இணைத்த முன்பக்கம், நடுவில் பஞ்சு அடுக்கு, பின்புறத் துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்பு. அதைத் தைக்க விரும்பி என்னிடம் வந்தவர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். பத்து வருடங்களுக்கு மேலாக உடை தைப்பவர். அளவெடுத்து வெட்டுவதிலும் கை பொருத்துவதிலும் நல்ல தேர்ச்சி. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் வேலை மட்டும் அவருக்குப் புதிது. தங்கைக்கு முதல் குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருந்தது. அவர்களுடைய அப்பா முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய ஏழு சட்டைகளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பேரக்குழந்தையைப் பார்க்காமலே போன அவருடைய சட்டைகளில் குழந்தைக்கு ஒரு கில்ட் செய்ய வேண்டும் என்பது அக்கா தங்கை இருவரின் ஆசை.

நான் நடத்தும் கில்ட் வகுப்பில் இப்படிப்பட்ட வேலைகளை எழுதி வைப்பது வழக்கம். இந்த ஒன்றை விரிவாக எழுதக் காரணம் உண்டு. பழைய உடைகளில் நினைவு கில்ட் செய்ய ஆசைப்படுபவர்கள் நிறைய. அந்தத் துணியின் நிலையை அறிந்துகொண்டு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் படத்தைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குள் துணியைத் திணிக்கிறோம். இங்கேயும் அப்படித்தான் ஆரம்பித்தது.

எதற்கு இந்த கில்ட்?

முதல் சந்திப்பில் துணியைப் பற்றிப் பேசவில்லை. குழந்தை இதை எங்கே, எப்படிப் பயன்படுத்தப் போகிறது என்றுதான் கேட்டேன். தங்கையும் கூட வந்திருந்தார். "தொட்டில்ல போட்டுப் போர்த்திவிடுவேன், வேற எதுக்கு?" என்றார்.

இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதி. குழந்தை தூங்கும் இடத்தில் முதல் ஒரு வருடத்துக்கு கில்ட், தலையணை, தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவ அமைப்புகள் தெளிவாகச் சொல்கின்றன. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையிலும் இது இருக்கிறது. மூச்சு முட்டும் ஆபத்தும், தூக்கத்தில் நேரும் திடீர் மரண ஆபத்தும்தான் காரணம். எவ்வளவு ஆசையாகத் தைத்தாலும் சரி, யார் சட்டையில் தைத்தாலும் சரி, இதில் விதிவிலக்கு கிடையாது.

தங்கையின் முகம் சற்று வாடியது. "அப்போ எதுக்குத்தான் ஆகும்?" என்று கேட்டார். விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துப் பழக்குவார்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அதற்குத் தரையில் விரிக்கலாம் என்று சொன்னேன். அக்காவுக்கு அது உடனே பிடித்துப்போனது. தங்கை யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

பிறகு வந்த பல முடிவுகள் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை. தரைவிரிப்பு என்றால் சதுரமாக இருக்கலாம். குழந்தை புரள இடம் வேண்டும் என்பதால் 40 இன்ச்சுக்கு 40 இன்ச் என்று வைத்தோம். நடு அடுக்கு மெல்லியதாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அடிக்கடி துவைக்க வேண்டிவரும். பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதுவும் கருமைக்கும் வெளிச்சத்துக்கும் இடையே பளிச்சென்ற வேறுபாடு இருந்தால்தான் கண் நிற்கும். குப்புறப் படுத்த குழந்தையின் முகத்துக்கு நேரே வருவது கில்ட்டின் நடுப்பகுதி. ஆகவே அழுத்தமான வடிவம் அங்கே வர வேண்டும்.

பொத்தானோடு ஒரு சட்டைப் பையை அப்படியே கில்ட்டில் வைக்க வேண்டும் என்றும் தங்கை கேட்டார். பொத்தான், ரிப்பன், தொங்கும் நூல் எதுவும் கூடாது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் என்றேன். பைக்கு என்ன செய்தோம் என்பது பின்னால் வருகிறது.

துணிகளைப் பரப்பிப் பார்த்தபோது

ஏழு சட்டைகளையும் மேசையில் பரப்பினோம். கெட்டியான அடர்நீலம் ஒன்று. நீலக் கோடு போட்டவை இரண்டு, அதில் ஒன்று கொஞ்சம் வெளிறியது. சாம்பல் கட்டம் ஒன்று. வெள்ளையில் மெல்லிய கோடு ஓடும், துவைத்துத் துவைத்துப் பட்டுபோல் மிருதுவாகிவிட்ட பழைய சட்டை ஒன்று. பிறகு ஒரு வெளிர்நீலம், ஒரு க்ரீம்.

வெளிர்நீலச் சட்டையின் லேபிளில் 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்று இருந்தது. க்ரீம் சட்டையில் லேபிளே இல்லை. உள்தையலிலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்த்தோம். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கடைசியில் கருப்பாக ஒரு கெட்டி மணி நின்றது. பாலியெஸ்டர் கலந்திருக்கிறது.

கலப்புத் துணி இஸ்திரிக்கு அடங்காது. தையலை ஒரு பக்கமாக மடித்து அழுத்தினால் மெல்ல எழுந்து நிற்கும். பருத்திக்கு வேண்டிய சூட்டை அதில் வைக்கவும் முடியாது. இரண்டு சட்டைகளையும் முன்பக்கத்திலிருந்து விலக்கினோம். க்ரீம் சட்டைதான் அப்பா அதிகம் உடுத்தியது என்று அப்போதுதான் அக்கா சொன்னார். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கில்ட்டின் பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதிய அட்டையாகத் தைக்கலாம் என்று பேசி முடித்தோம். அங்கே அது இன்னொரு துண்டோடு நுணுக்கமாகப் பொருந்த வேண்டிய அவசியமில்லை.

மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம். முழங்கை, அக்குள், காலர் மடிப்பு, தோளில் பை மாட்டும் இடம், இவையெல்லாம் இழை தேய்ந்து வெளிச்சத்தை விட்டன. சோப்புக்கட்டியால் அந்த இடங்களில் குறுக்குக் கோடு போட்டோம், அங்கே வெட்டக் கூடாது என்ற அடையாளமாக. மெல்லிய வெள்ளைச் சட்டை மட்டும் எங்கே பிடித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிச்சம் விட்டது. அதையும் சேர்க்க வேண்டும் என்று இருவரும் விரும்பினார்கள். நீளவாக்கில் இழுத்துப் பார்த்தோம், தாங்கியது. சேர்த்தோம்.

அடர்நீலச் சட்டையின் பையை அக்கா ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்தார். பை இருந்த இடத்தில், சட்டை வாங்கிய நாளின் நிறம் அப்படியே இருந்தது. சுற்றிலும் துணி வெளிறியிருக்க, நடுவில் மட்டும் பையின் வடிவத்தில் கருநீலம். ஓரத்தில் வரிசையாகப் பழைய தையல் ஓட்டைகள். தங்கை அதன்மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. பொத்தான் வைத்த பைக்குப் பதில் இந்த நிழலையே ஒரு சதுரத்தில் வரும்படி வெட்டலாமா என்று அவர்தான் கேட்டார். இந்த கில்ட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

முதல் வடிவமும் அதை மாற்றிய காரணமும்

அக்கா கொண்டுவந்த வரைபடம் முழுக்கக் காற்றாடி. 8 இன்ச் காற்றாடிகள், ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25. ஒவ்வொரு காற்றாடிக்கும் இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரங்கள் நான்கு வேண்டும், ஆக நூறு. பார்க்க மிக அழகான வடிவம்தான்.

சிக்கல் முக்கோணத்தின் நீண்ட பக்கத்தில் இருக்கிறது. அது துணியின் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாகப் போகும். நேர் இழையில் வெட்டிய ஓரம் இழுத்தாலும் அசையாது, கிராஸில் வெட்டிய ஓரம் கையில் எடுத்தாலே நீளும். புதுத் துணியிலேயே அப்படி. பல வருடம் துவைத்து நெசவு தளர்ந்த சட்டைத் துணியில் கேட்கவே வேண்டாம். சோதித்துப் பார்க்க வெள்ளைச் சட்டையிலும் சாம்பல் கட்டத்திலும் இரண்டு சோடி தைக்கச் சொன்னேன். இஸ்திரி போட்டதும் சாம்பல் கட்டம் ஓரளவு சதுரமாக நின்றது. வெள்ளை ஒரு மூலையில் நீண்டு சாய்சதுரமாகிவிட்டது. கட்டத் துணியில் கோடுகள் வளைந்து போனதும் கண்ணை உறுத்தியது.

துணி தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது. வடிவத்தை மாற்றினோம். 4 இன்ச் சதுரங்கள், பத்துக்குப் பத்து, மொத்தம் 100. அவற்றில் நட்டநடுவே உள்ள 16 மட்டும் நான்கு காற்றாடிகளாக இருக்கும். அந்தக் காற்றாடிகளுக்கு ஐந்தில் கெட்டியான அடர்நீலமும் புதிதாக வாங்கிய மஞ்சள் பருத்தியும். மீதி 84-ம் நேர் இழையில் வெட்டிய வெறும் சதுரங்கள். தளர்ந்த துணிக்கு நான்கு பக்கமும் நேர் இழை கிடைக்கும். குழந்தையின் கண்ணுக்கு வேண்டிய அழுத்தமான வடிவமும் நடுவில் வந்துவிடும்.

அக்காவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். வெறும் சதுரம் என்றால் எளிய வேலையாகத் தெரியுமே என்று நினைத்தார். சதுரத்தில் மூலைகள் பொருந்தாவிட்டால் ஒளிக்க இடமே கிடையாது, அதனால் அது எளிய வேலையில்லை என்பது என் கருத்து. தைக்க ஆரம்பித்ததும் அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

நிறத்தைவிட அடர்த்தி

சட்டைத் துணிகளோடு மஞ்சளை அடுக்கிப் பார்த்தபோது கண்ணுக்கு எல்லாம் வெவ்வேறாகத் தெரிந்தன. கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றினோம். அடர்நீலம் தனியாக நின்றது. நீலக் கோடு, சாம்பல் கட்டம் இரண்டும் ஒரே சாம்பல். வெளிறிய கோடு, மெல்லிய வெள்ளை, அத்தனை பளபளத்த மஞ்சள், மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வெளுப்பாகிவிட்டன.

மஞ்சள் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது வெளிர் நிறம்தான். வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் ஓரம் தொலைந்துபோகும், அடர்நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் துள்ளி எழும். அதனால் மஞ்சளை நடுக் காற்றாடிகளில் நீலத்தோடு மட்டும் சேர்த்தோம். வெளிவட்டத்தில் சில மஞ்சள் சதுரங்களை வைத்தபோதும் அவற்றின் அண்டையில் நீலக் கோடோ சாம்பல் கட்டமோ வரும்படி பார்த்துக்கொண்டோம். நடுவில் அடர்த்தி, வெளியே போகப்போக வெளிறல் என்பது பொது ஒழுங்கு. பையின் நிழல் இருந்த சதுரத்தைக் காற்றாடிகளை ஒட்டிய முதல் வட்டத்தில், ஒரு மூலைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

வெட்டு

சட்டைகள் சுருங்க வேண்டிய அளவு முன்பே சுருங்கிவிட்டன. புதுத் துணி அப்படியல்ல. மஞ்சள் துணியில் பென்சிலால் 10 இன்ச் சதுரம் வரைந்து, துவைத்து, காயவைத்து அளந்தோம். நீளவாக்கில் 9⅝, அகலவாக்கில் 9⅞. இதைத் துவைக்காமல் தைத்திருந்தால் முதல் சலவையிலேயே மஞ்சள் மட்டும் சுருங்கிப் பக்கத்துச் சட்டைத் துணியை இழுத்துக்கொண்டிருக்கும். பின்புறத் துணியையும் அப்படியே துவைத்தோம். அடர்நீலச் சட்டையின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தோம், சாயம் ஒட்டவில்லை.

சட்டைகளின் தையல்களை உட்கார்ந்து பிரிக்கவில்லை. தையலை ஒட்டியே கத்தரித்து முதுகு, முன்பக்கம், கை என்று பாகங்களாக எடுத்தோம். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் கஞ்சி ஸ்ப்ரே அடித்து இஸ்திரி போட்டோம். தளர்ந்த துணிக்கு இது பெரிய உதவி, காகிதம்போல் நிற்கும். 4½ இன்ச் சதுரங்களை ரோட்டரி கட்டரால் (உருளும் வட்டக் கத்தி), அக்ரிலிக் ஸ்கேலின் கோட்டைச் சட்டையின் நெசவுக் கோட்டோடு ஒட்டவைத்து வெட்டினோம். காற்றாடிக்கு நீலத்தில் 8, மஞ்சளில் 8 என்று 5 இன்ச் சதுரங்கள். கணக்குப்படி 4⅞ போதும். கொஞ்சம் கூட விட்டுத் தைத்தபின் 4½-க்குச் சீவிக்கொள்வது பாதுகாப்பு.

ஒன்பது நூல் எங்கே போனது

மேல் வரிசையை அக்கா முதலில் தைத்துக் கொண்டுவந்தார். பத்துச் சதுரங்கள், நடுவில் ஒன்பது தையல். இரு ஓரத்திலும் தையலுக்கு விட்டதையும் சேர்த்து 40½ இன்ச் இருக்க வேண்டும். இருந்தது 39⅜. ஒரு இன்ச்சும் ஒரு நூலும் குறைவு, அதாவது ஒன்பது நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்).

அவர் தையலில் கோணல் எதுவும் இல்லை, ஒவ்வொன்றும் அம்புபோல் நேர். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் ஓரத்தைக் கால் இன்ச் என்று எண்ணித் தைத்திருந்தார். அந்த மெஷினில் ஊசியிலிருந்து ஃபுட் ஓரம் வரை அளந்தால் இரண்டரை நூல். கால் இன்ச் என்பது இரண்டு நூல். அரை நூல்தான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணியிலிருந்தும் அரை அரை நூல் போகிறது, ஆக தையலுக்கு ஒரு நூல், ஒன்பது தையலுக்கு ஒன்பது நூல்.

"இதை இழுத்துப் பிடிச்சு அடுத்த வரிசையோட தைச்சா சரியாயிடாதா?" என்று கேட்டார். உடை தைப்பவர்களுக்கு இது இயல்பாக வரும் யோசனை. சட்டையின் கையைத் தோளில் பொருத்தும்போது அப்படித்தான் செய்கிறோம், உள்ளே உடம்பு இருப்பதால் அந்த உபரி வளைவாகிவிடும். கில்ட்டுக்கு உள்ளே உடம்பு இல்லை. இழுத்துத் தைத்த இடம் தரையில் விரித்ததும் அலை அலையாக நிற்கும். அந்த வரிசையைப் பிரித்துவிடச் சொன்னேன். முகத்தைச் சுளிக்காமல் பிரித்தார்.

பிறகு மெஷினைச் சரிப்படுத்தினோம். ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, அதன் கால் இன்ச் கோட்டின்மேல் ஊசி மெல்ல உட்காரும்படி சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கினோம். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷினின் மேல் டேப் ஒட்டினோம், நான்கைந்து அடுக்காக, துணி மோதி நிற்கும் உயரத்துக்கு. பிறகு அந்த டேப்பை இழையளவு ஊசிப் பக்கம் நகர்த்தினோம். தையலை மடித்து இஸ்திரி போடும்போது மடிப்பே கொஞ்சம் துணியை விழுங்கும், அதற்கான ஈடு இது.

சரியா என்று பார்க்க ஒரு சோதனை போதும். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். மொத்தம் 3½ இன்ச்சும் நடுப்பட்டை சரியாக 1 இன்ச்சும் இருந்தால் மெஷின் தயார். எங்களுக்கு இரண்டாவது சோதனையில் வந்தது. அடுத்துத் தைத்த மேல் வரிசை 40½-ஐ மயிரிழை வித்தியாசத்தில் தொட்டது.

காற்றாடிகளும் வரிசைகளும்

காற்றாடிக்கு மஞ்சள் சதுரத்தின் பின்புறம் மூலைக்கு மூலை கோடு போட்டு, நீலத்தின்மேல் வைத்து, கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினோம். ஒரு சோடிக்கு இரண்டு சதுரம் கிடைக்கும். கிராஸ் ஓரத்தைத் தைத்து முடித்த பிறகே வெட்டுவதால் அது நீளச் சந்தர்ப்பமே இல்லை. இஸ்திரிப் பெட்டியை நகர்த்தாமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும் என்பதை மட்டும் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது. தேய்த்துப் பழகிய கை.

நான்கு சதுரங்கள் கூடும் மையம் தடித்து மேடாகும். அதன் மேல் குழந்தையின் கன்னம் படும். அந்த மேட்டைக் குறைக்க, பின்புறம் தையலுக்கு விட்ட பகுதியில் மையத்தை ஒட்டிய இரண்டு மூன்று தையல்களை மட்டும் அவிழ்த்துவிட்டு, நான்கு மடிப்பையும் ஒரே சுற்றில், கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சாய்த்தோம். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரிந்து படிகின்றன. பின்புறம் மையத்தில் நகக்கண் அளவில் இன்னொரு குட்டிக் காற்றாடி தோன்றும். முன்புறம் தட்டையாகிவிடும்.

வெறும் சதுரங்களை வரிசை வரிசையாகப் பொறுக்கி, வரிசை எண் எழுதிய காகிதத்தை முதல் சதுரத்தில் குத்தி வைத்தோம். இரண்டிரண்டாக, நூலை வெட்டாமல் தொடர்ச்சியாக மெஷினில் விட்டுத் தைத்தார். ஒற்றைப்படை வரிசைகளில் தையல் மடிப்பை இடப்பக்கமும் இரட்டைப்படையில் வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டதால், வரிசைகளை இணைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொண்டன. விரலால் தடவினாலே மூலை சேர்ந்துவிட்டது தெரியும். 84 சதுரங்களில் நான் பிரிக்கச் சொன்ன மூலைகள் மிகச் சில.

மூன்று அடுக்கும் விளிம்பும்

நடு அடுக்குக்கு மெல்லிய பருத்தி பேட்டிங், அதாவது தகடாக வரும் பஞ்சு. பாலியெஸ்டர் பஞ்சு உப்பலாக இருக்கும், ஆனால் தலை தூக்கிப் பழகும் குழந்தைக்கு உப்பல் உதவாது. பின்புறத் துணி நான்கு பக்கமும் 3 இன்ச் கூடுதலாக, அதாவது 46 இன்ச் வேண்டும். துணியின் அகலம் 44. இரண்டு துண்டாக இணைத்து, இணைப்புத் தையல் நட்டநடுவில் வராமல் ஓரமாகத் தள்ளிவைத்தோம். கில்ட்டை எப்போதும் நடுவில்தான் மடிப்பார்கள், மடிப்பும் தையலும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே சீக்கிரம் தேயும்.

மூன்று அடுக்கையும் பிடித்துவைக்க வழக்கமாக ஊக்கு குத்துவோம். இங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். தளர்ந்த வெள்ளைத் துணியில் ஊக்கு குத்திய ஓட்டை மறையாது. அதோடு, குழந்தைக்கான பொருளில் ஒரு ஊக்கு தப்பிப் போய்விடும் வாய்ப்பைக்கூட நான் விரும்புவதில்லை. நீண்ட நூலோட்டம் கையால் போட்டோம், நடுவிலிருந்து வெளியே நட்சத்திரம்போல்.

மெஷினில் எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி, நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தையலுக்கும் இருபுறமும் அரை இன்ச் தள்ளி நேர்க்கோடுகள். அப்படிப் பார்த்தால் கோடுகளுக்கு இடையே 1 இன்ச், 3 இன்ச் என்று மாறி மாறி வரும். பேட்டிங் பொட்டலத்தில் அனுமதித்திருந்த இடைவெளியைவிட இது மிகக் குறைவு, ஆகவே பஞ்சு நகராது. நீளத்திலும் அகலத்திலும் அப்படியே.

விளிம்புக்கு அடர்நீலப் புதுத்துணியில் 2½ இன்ச் பட்டைகள் ஐந்து, குறுக்காக இணைத்து, இரண்டாக மடித்து. ஓரங்கள் நேரானவை என்பதால் கிராஸ் பட்டை தேவையில்லை. அடிக்கடி துவைக்கப்போவதால் பின்பக்கத்தையும் மெஷினிலேயே தைத்து முடித்தோம். க்ரீம் சட்டைத் துண்டு பின்புற மூலையில் ஏறியது.

பிறகு நடந்தது

குழந்தை பிறப்பதற்கு முன்பே கில்ட் தயார். குளிர்ந்த நீரில், துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல், சாயம் இறங்கினால் தெரிய ஒரு வெள்ளைத் துணியோடு துவைத்தார்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. பேட்டிங் சுருங்கி 40 இன்ச் 38¾ ஆனது. தையல் ஓரமெல்லாம் மெல்லிய சுருக்கம் விழுந்து, பல வருடம் பழகிய பொருளின் தோற்றம் வந்துவிட்டது. காற்றாடிகள் தட்டையாகவே இருந்தன.

குப்புறப் படுத்த குழந்தை காற்றாடியின் நீல மஞ்சள் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தங்கை சொன்னார். தவழத் தொடங்கும் வரை ஏறக்குறைய தினமும் விரித்தார்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை துவைத்தார்கள்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் கில்ட் என்னிடம் திரும்பி வந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டையிலிருந்து வந்த சதுரங்களில் மூன்று கிழிந்திருந்தன. தையல் எதுவும் விட்டுப்போகவில்லை. மேலே போட்ட நேர்க்கோட்டை ஒட்டி, 3 இன்ச் இடைவெளியின் பக்கத்தில், குறுக்கு இழைகள் மட்டும் அறுந்து நெடுக்கு இழைகள் சன்னமான சீப்புப் பல்லாக நின்றன. வழியாகப் பேட்டிங் தெரிந்தது. கெட்டியான நீலமும் கோடும் கட்டமும் புதிதுபோல் இருந்தன. பையின் நிழல் கொஞ்சம் வெளிறியிருந்தது, அடையாளம் தெரியாத அளவுக்கு இல்லை.

மூன்று சதுரங்களைப் பிரித்து எடுத்தால் சுற்றியுள்ள கோடுகள் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். அதனால் மீதமிருந்த நீலக்கோட்டுத் துணியில் துண்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, கிழிந்த சதுரத்தின்மேல் வைத்துக் கையால் தைத்தோம். பழைய வெள்ளைத் துணி அடியிலேயே இருக்கட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அப்படியே விட்டோம். அதன்மேல் பழைய கோடுகள் போன தடத்திலேயே மறுபடி தையல் ஓட்டினோம். கில்ட் இப்போதும் உழைக்கிறது.

அடுத்த முறை மாற்றுபவை

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இப்போது ஒவ்வொரு பழைய துணியையும் இரண்டு கட்டைவிரல்களுக்கு இடையே பிடித்து நீளவாக்கு, அகலவாக்கு இரண்டிலும் பலமாக இழுத்துப் பார்க்கிறோம், அதுவும் ஒரு முறை நனைத்த பிறகு. இந்தச் சட்டையின் பலவீனம் அகலவாக்கில் ஓடும் இழையில் இருந்தது. அந்தத் திசையில் இழுத்தால் மட்டுமே தெரிந்திருக்கும். இழை விலகினால் அல்லது மெல்லிய முறியும் சத்தம் கேட்டால் அந்தத் துணி முன்பக்கத்துக்குக் கிடையாது.

அப்படியும் அந்தத் துணிதான் வேண்டும் என்று குடும்பம் விரும்பினால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மிக மெல்லிய பருத்தி கேன்வாஸை வெட்டுவதற்கு முன்பே பின்புறம் ஒட்டுகிறோம். கொஞ்சம் விறைப்பு ஏறும், தரைவிரிப்புக்கு அது பாதகமில்லை. ஒட்டிய துணியைச் சலவைக்கு ஒரு முறை போட்டு, கொப்புளம் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சதுரம் வெட்டுவது. மெல்லிய துணியுள்ள கில்ட்டில் 3 இன்ச் இடைவெளியின் நடுவிலும் ஒரு கோடு ஓட்டுகிறோம். அப்போது குழந்தையின் முழங்காலும் காலும் உரசும் இழுவை ஒரே ஓரத்தில் விழாமல் பிரிந்துவிடும்.

உடை தைத்துப் பழகியவர்கள் வந்தால் முதல் வேலை மூன்று பட்டைச் சோதனை. வரிசை தைத்த பிறகு அளப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கிழிந்த வெள்ளைச் சட்டையில் இன்னும் ஒரு கையும் காலரும் மிச்சமிருக்கின்றன. அந்தக் கையைக் கேன்வாஸ் ஒட்டி, சட்டம் போட்டு மாட்டும் சிறிய சுவர்த் துண்டாகச் செய்ய அக்கா திட்டமிட்டிருக்கிறார். சுவரில் இருப்பதைத் துவைக்கத் தேவையில்லை, யாரும் இழுக்கவும் மாட்டார்கள். அந்தத் துணிக்கு அதுதான் தகுந்த இடம்.